என்எஃப்எல் டிராஃப்ட்: கல்லூரி வீரர்களை அணிகள் எப்படித் தேர்ந்தெடுக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் கடைசியில் மூன்று நாள் அமெரிக்க விளையாட்டுச் செய்திகளில் வேறு எதற்கும் இடமிருக்காது. அந்த மூன்று நாளில் ஒரு பந்துகூட வீசப்படுவதில்லை. பெயர்கள் மட்டுமே வாசிக்கப்படுகின்றன. அதைப் பார்க்க 2024-இல் டிட்ராயிட் நகரத்தில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டார்கள். அமெரிக்கன் ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் தமிழ் வாசகர்கள் இதைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

டிராஃப்ட் என்பது என்ன?

என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கில் 32 அணிகள் இருக்கின்றன. கல்லூரி அணிகளில் ஆடிய இளைஞர்களை இந்த அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை, முறை வைத்து, ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். மொத்தம் ஏழு சுற்றுகள். முந்தைய ஆண்டில் நல்ல வீரர்களை வேறு அணிகளிடம் இழந்தவர்களுக்கு ஈடாகச் சில கூடுதல் தேர்வுகளும் உண்டு. 2025-இல் எடுக்கப்பட்டவர்கள் மொத்தம் 257 பேர். ஓர் அணி ஒருவரை எடுத்துவிட்டால், அவருடன் ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டுமே.

ஐபிஎல் ஏலம் போன்றதா?

இல்லை. ஏலத்தில் பணம் பேசும். இங்கே வரிசை பேசுகிறது. எவ்வளவு பணக்கார உரிமையாளராக இருந்தாலும் தன் முறை வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், அல்லது தன் தேர்வுகளை வேறு அணியோடு கைமாற்றி முன்னே ஏற வேண்டும்.

சம்பளமும் பேரத்துக்கு உரியது அல்ல. எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதே பெரும்பாலும் அதை முடிவு செய்துவிடும். 2011-இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தம் செய்த மாற்றம் இது. அதற்கு முந்தைய ஆண்டு முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் எழுதப்பட்டது, அதில் 5 கோடி உறுதித் தொகை. 2011-இல் முதல் ஆளாக வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 2.2 கோடிதான். இதனால் டிராஃப்டின் பொருளாதாரமே தலைகீழானது. பந்தை எறிந்து ஆட்டத்தை வழிநடத்தும் நல்ல குவார்ட்டர்பேக் ஒருவர் கிடைத்துவிட்டால் நான்கு ஆண்டுகள் அவர் குறைந்த சம்பளத்தில் ஆடுவார். மிச்சமாகும் பணத்தில் அவரைச் சுற்றி ஓர் அணியையே கட்டலாம். இளம் குவார்ட்டர்பேக்குகளுக்காக அணிகள் இவ்வளவு தவிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

யார் முதலில் எடுப்பது?

முந்தைய பருவத்தில் ஆக மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும். லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற அணி அந்தச் சுற்றின் கடைசியில் எடுக்கும். இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் உரிமையாளர் பெர்ட் பெல். அவருடைய அணி ஏழை, தோல்விமேல் தோல்வி கண்ட அணி. நல்ல கல்லூரி வீரர்கள் எல்லோரும் சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் போய்விடுவார்கள். இப்படியே போனால் லீக் நிலைக்காது என்று மற்ற உரிமையாளர்களிடம் அவர் வாதாடினார். அதன் விளைவாக 1936 பிப்ரவரி 8 அன்று பிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டல் அறையில் முதல் டிராஃப்ட் நடந்தது. பலகையில் 90 பெயர்கள் எழுதி வைத்திருந்தார்கள். வீரர்களை நேரில் பார்த்து மதிப்பிடும் ஸ்கவுட் என்ற வேலையே அன்று இல்லை. செய்தித்தாளில் படித்ததும் காதில் விழுந்ததும்தான் ஆதாரம்.

முதல் பெயராக வாசிக்கப்பட்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். சம்பளம் ஒத்துவராததால் அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை.

எந்த வயதில் ஒருவர் டிராஃப்டுக்கு வரலாம்?

உயர்நிலைப் பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்வரை திறமைசாலிகள் அந்த மூன்றாம் ஆண்டு முடிந்ததுமே கிளம்பிவிடுவார்கள். கல்லூரியில் பணம் கிடையாது என்பதே காரணம். 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆயிற்று. 2025-இலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரவும் வழி பிறந்தது. எனவே நடுச் சுற்றுகளில் எடுக்கப்படக்கூடியவர்கள் இன்னும் ஓர் ஆண்டு கல்லூரியிலேயே தங்கிவிடுகிறார்கள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் வருபவர்கள் இன்று சகஜம். வயதில் மூத்தவர் இளையவர்களைத் தள்ளிவிட்டு ஆடுவதை எவ்வளவு மதிப்பது என்பது ஸ்கவுட்டுகளுக்குப் புதிய தலைவலி.

ஸ்கவுட் என்பவர் உண்மையில் என்ன செய்கிறார்?

ஊர் ஊராகப் போகிறார். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை அவருடைய வாழ்க்கை கார், மோட்டல், கல்லூரிப் பயிற்சி மைதானம், படம் ஓடும் இருட்டறை என்றே கழிகிறது. ஒவ்வொரு ஸ்கவுட்டுக்கும் நாட்டின் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். அங்குள்ள கல்லூரிகளுக்குப் போய் ஆட்டப் பதிவுகளைப் பார்ப்பார், பயிற்சியைப் பார்ப்பார், பயிற்சியாளரிடமும் உடற்பயிற்சிக் கூடத்தை நடத்துபவரிடமும் காயத்துக்குச் சிகிச்சை அளிப்பவரிடமும் பேசுவார். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு மதிப்பெண்ணும் ஓர் அறிக்கையும் எழுதுவார். பிறகு வேறொருவர் அதே வீரரைத் தனியாகப் பார்த்து எழுதுவார். டிசம்பரிலும் பிப்ரவரியிலும் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாதாடுவார்கள். இறுதி முடிவு பொது மேலாளருடையது.

இந்த வேலையின் உயரம் என்ன என்று கேட்டால் நான் பில் நன் பெயரைச் சொல்வேன். அவர் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினத்தவர் செய்தித்தாளின் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். கறுப்பினக் கல்லூரிகளின் சிறந்த வீரர்களை ஆண்டுதோறும் பட்டியலிட்டு வெளியிட்டார். பெரிய அணிகள் அந்தக் கல்லூரிகளை எட்டிக்கூடப் பார்க்காத காலம் அது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை ஸ்கவுட்டாக அழைத்துக்கொண்டது.

1974 டிராஃப்டுக்கு முன்பு அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரியில் ஜான் ஸ்டால்வர்த் என்ற ரிசீவரை (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஓடவிட்டுப் பார்க்க நன்னும் மற்ற அணிகளின் ஸ்கவுட்டுகளும் சேர்ந்து போனார்கள். தரை ஈரமாக இருந்தது. ஸ்டால்வர்த்தின் ஓட்ட நேரம் சுமாராகத்தான் வந்தது. மற்றவர்கள் குறித்துக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள். நன் உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பின்தங்கிவிட்டார் என்பார்கள். மறுநாள் காய்ந்த தரையில் மறுபடி ஓடவிட்டு நேரம் எடுத்தார். ஸ்டீலர்ஸ் அந்த ஆண்டு முதல் சுற்றில் லின் ஸ்வானை எடுத்தது, இரண்டாம் சுற்றில் ஜாக் லாம்பர்ட்டை எடுத்தது. மூன்றாம் சுற்றுத் தேர்வு அவர்கள் கையில் இல்லை. நெஞ்சு படபடக்கக் காத்திருந்து நான்காம் சுற்றில் ஸ்டால்வர்த்தை எடுத்தார்கள், ஐந்தாம் சுற்றில் மைக் வெப்ஸ்டரை எடுத்தார்கள். நால்வருமே பின்னாளில், மகத்தானவர்களுக்கு மரியாதை செய்யும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்கள். டிராஃப்டில் எவருமே எடுக்காமல், பிறகு ஸ்டீலர்ஸில் சேர்ந்த டானி ஷெல் ஐந்தாவது ஆள். அந்த அணி ஆறு பருவங்களில் நான்கு சூப்பர் பவுல் வென்றது. பில் நன்னுக்கு அந்த மரியாதை 2021-இல்தான் வந்தது, அவர் மறைந்த பிறகு.

ஒரு மனிதர் கூடுதலாக ஒரு நாள் தங்கினார், அவ்வளவுதான். டிராஃப்டைப் பற்றி நான் நம்புவதெல்லாம் இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஆட்டப் பதிவில் எதைப் பார்க்கிறார்கள்?

தொலைக்காட்சியில் கேமரா பந்தின் பின்னால் போகிறது. அணிகள் பார்க்கும் பதிவு வேறு: களத்தில் உள்ள 22 பேரும் உயரத்திலிருந்து ஒரே சட்டகத்தில் தெரியும்படி எடுத்தது. பந்து தன் பக்கமே வராதபோது ஒருவர் என்ன செய்கிறார் என்பது அதில்தான் தெரியும்.

இடது டேக்கிள் என்ற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குவார்ட்டர்பேக்கின் முதுகுப்புறத்தைக் காப்பவர் இவர். சுமார் 140 கிலோ எடையுள்ள இந்த மனிதரின் முதல் பின்னடியை ஸ்கவுட் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்ப்பார். கால் தரையை உரசிக்கொண்டு போகிறதா, தூக்கி வைக்கப்படுகிறதா? முழங்காலை மடக்கி உட்காருகிறாரா, இடுப்பை வளைத்துக் குனிகிறாரா? குனிபவரை எதிராளி ஒரே இழுப்பில் முகங்குப்புறத் தள்ளிவிடுவார். கைகள் எதிராளியின் மார்பில் விழுகின்றனவா, தோளுக்கு வெளியே அலைகின்றனவா? முதல் முறை ஏமாந்தவர் அதே வித்தைக்கு மூன்றாம் முறையும் ஏமாறுகிறாரா? நான்காம் கால்பகுதியில், மூச்சு வாங்கும்போது, இதெல்லாம் அப்படியே நிற்கிறதா? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

2007-இல் மூன்றாவது ஆளாக கிளீவ்லாண்டு எடுத்த ஜோ தாமஸ் இதற்கு இலக்கணம். டிராஃப்ட் நடந்த அன்று மேடைக்கு வராமல் தந்தையோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு தொடர்ச்சியாக 10,363 ஆட்ட நகர்வுகளில் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் களத்தில் நின்றார். அதே ஆண்டு முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜமார்கஸ் ரசல். முழங்காலிட்டபடியே பந்தை 60 கெஜம் எறிவார் என்று பேசப்பட்ட குவார்ட்டர்பேக். மூன்றே பருவங்களில் லீக்கை விட்டு வெளியேறினார்.

காம்பைன் என்கிறார்களே, அது என்ன?

பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸ் நகரத்தில் 300-க்கும் மேற்பட்ட வீரர்களை ஒரே இடத்தில் அளந்து பார்க்கும் முகாம். 40 கெஜ ஓட்டம், 225 பவுண்டு எடையைப் படுத்துக்கொண்டு எத்தனை முறை தூக்குகிறார் என்ற சோதனை, நின்ற இடத்திலிருந்து தாண்டுதல், கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடுதல், கையின் நீளம், உள்ளங்கையின் அகலம் என்று எல்லாவற்றுக்கும் எண் உண்டு.

தொலைக்காட்சி காட்டுவது ஓட்டத்தை. அணிகளுக்கு மிக வேண்டியது மருத்துவப் பரிசோதனை. இந்த முகாம் தோன்றியதற்கே அதுதான் முக்கியக் காரணம்: ஒரே வீரரை ஒவ்வொரு அணியும் தனித்தனியே மருத்துவரிடம் அனுப்ப வேண்டாம் என்று ஓரிடத்தில் கூட்டினார்கள். 2016 ஜனவரி 1 அன்று தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் ஜெய்லன் ஸ்மித் முழங்காலை உடைத்துக்கொண்டார். முதல் ஐந்து பேருக்குள் வரக்கூடியவர் என்று கருதப்பட்டவர். காலின் நரம்பும் பாதிக்கப்பட்டது தெரிந்ததும் பல அணிகள் ஒதுங்கிக்கொண்டன. டாலஸ் கவ்பாய்ஸ் அவரை 34-ஆவது ஆளாக எடுத்தது. அவருக்கு அறுவை சிகிச்சை செய்தவர் அந்த அணியின் மருத்துவரே. ஒரு பருவம் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு ஸ்மித் களத்துக்கு வந்தார். 2019 பருவத்தில் நட்சத்திர ஆட்டத்துக்கும் தேர்வானார்.

40 கெஜ ஓட்டத்துக்கு அவ்வளவு மதிப்பு உண்டா?

காம்பைன் சாதனை 4.21 விநாடி. 2024-இல் சேவியர் வொர்த்தி ஓடியது. அதற்கு முந்தைய சாதனை 2017-இல் ஜான் ராஸ் ஓடிய 4.22. அந்த ஓட்டத்தை வைத்து ராஸ் 9-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார், காயங்களாலும் தடுமாற்றங்களாலும் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. பின்னாளில் ஏழு சூப்பர் பவுல் வென்ற டாம் பிரேடி ஓடியது 5.28 விநாடி. குவார்ட்டர்பேக்காகவே பார்த்தாலும் மந்தமான ஓட்டம்.

ஆனாலும் ஓட்டத்தை வீண் என்று தள்ளிவிட முடியாது. ஆட்டத்தில் வேகமாகத் தெரிந்தவர் இங்கே மெதுவாக ஓடினாலோ, மெதுவாகத் தெரிந்தவர் பறந்தாலோ, ஸ்கவுட் திரும்பிப் போய் ஆட்டப் பதிவை மறுபடி பார்க்க வேண்டும். அதற்குத்தான் அந்த எண். எண்ணைப் பார்த்துவிட்டுப் பதிவை மறந்துவிடுவதுதான் ஆபத்து. ஏரன் டோனால்ட் உயரம் குறைந்தவர், தற்காப்பு வரிசையின் நடுவில் ஆடுவதற்கு எடையும் போதாது என்றார்கள். 2014-இல் 13-ஆவது ஆளாகத்தான் போனார். கல்லூரியில் எதிராளிகளை அவர் எப்படிக் கலங்கடித்தார் என்பது பதிவில் பளிச்சென்று இருந்தது. லீக்கின் சிறந்த தற்காப்பு வீரர் விருதை மூன்று முறை வென்றுதான் ஓய்ந்தார்.

நேர்காணலில் என்ன கேட்கிறார்கள்?

பெரும்பாலும் ஆட்டம். ஒரு குவார்ட்டர்பேக்கிடம் அவருடைய மோசமான ஆட்டத்தை ஓடவிட்டு, “இங்கே என்ன பார்த்தாய், ஏன் அங்கே எறிந்தாய்” என்று கேட்பார்கள். புதிதாக ஒரு திட்டத்தைச் சொல்லிக்கொடுத்து, வேறு பேச்சுப் பேசிவிட்டு, பலகையில் வரைந்து காட்டச் சொல்வார்கள். தவறுக்குத் தோழர்களைக் காட்டிக்கொடுப்பவர் யார், தான் ஏற்பவர் யார் என்பது அதிலேயே வெளிப்பட்டுவிடும்.

எல்லை மீறியவையும் நடந்திருக்கின்றன. 2010-இல் ஓர் அணியின் பொது மேலாளர் டெஸ் பிரையன்ட் என்ற இளைஞரிடம் அவருடைய தாயைப் பற்றி இழிவான கேள்வி கேட்டுவிட்டு, விஷயம் வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்டார். வேலை தருகிறோம் என்ற அதிகாரத்தில் ஓர் இருபத்தொரு வயதுப் பையனை இப்படி வதைப்பதற்கு “மன உறுதியைச் சோதிக்கிறோம்” என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 12 நிமிடங்களில் 50 கேள்விகள் கொண்ட வொண்டர்லிக் என்ற அறிவுத் தேர்வும் காம்பைனில் பல்லாண்டுகள் நடந்தது. 2022-இல் அதைக் கைவிட்டார்கள். ரகசியமாக இருக்க வேண்டிய மதிப்பெண்கள் ஆண்டுதோறும் கசிந்து, பையன்கள் கேலிக்கு ஆளானதுதான் மிச்சம்.

கறுப்பின குவார்ட்டர்பேக்குகளுக்கு அநீதி நடந்தது என்பது உண்மையா?

உண்மை. வாரன் மூன் 1978 ஜனவரியில் ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரர். அந்த ஆண்டு டிராஃப்டில் 12 சுற்றுகள் நடந்தன. அவர் பெயர் ஒன்றிலும் வரவில்லை. கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணிக்கு ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அந்நாட்டு லீக்கின் கிரே கோப்பை வென்று தந்தார். பிறகே என்எஃப்எல் கதவு திறந்தது. 2006-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்த முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் அவரே.

அந்தப் பார்வை அத்தோடு போய்விடவில்லை. கல்லூரியின் உச்ச விருதான ஹைஸ்மனை வென்ற லமார் ஜாக்சனை 2018-இல் “ரிசீவராக மாறிக்கொள்ளட்டும்” என்று பெரிய மனிதர்களே சொன்னார்கள். அவர் மறுத்தார். முதல் சுற்றின் கடைசித் தேர்வாக, 32-ஆவது ஆளாகப் பால்டிமோர் எடுத்தது. 2019-இல் ஒரு வாக்குக்கூடக் குறையாமல் லீக்கின் மிகச் சிறந்த வீரரானார், 2023-இல் மறுபடியும் வென்றார். அவரைத் தாண்டிப் போன அணிகள் அவர் ஆடியதைப் பார்த்துத்தான் தாண்டின. பார்த்தும் தெரியவில்லை என்றால் குறை கண்ணில் இல்லை, எதிர்பார்ப்பில்.

கணினிகள் எப்போது உள்ளே வந்தன?

பலரும் நினைப்பதைவிட வெகு முன்பே, 1960-களின் தொடக்கத்தில். இதில் ஓர் இந்தியருக்குப் பெரும் பங்கு உண்டு. டாலஸ் கவ்பாய்ஸின் மேலாளர் டெக்ஸ் ஷ்ராம், ஐபிஎம்மின் துணை நிறுவனத்தில் இருந்த சலாம் குரேஷி என்ற புள்ளியியலாளரை அணுகினார். அலிகாரில் படித்தவர் குரேஷி. கிரிக்கெட் தெரியும், அமெரிக்கன் ஃபுட்பால் தெரியாது. ஸ்கவுட்டுகள் அறிக்கையில் எழுதிய நூற்றுக்கணக்கான சொற்களைக் கணினிக்குப் புரியும்படி குறைக்க வேண்டியிருந்தது. குணம், போட்டி மனப்பான்மை, உடற்கட்டுப்பாட்டோடு கூடிய சுறுசுறுப்பு, பலம், மனக்கூர்மை என்ற ஐந்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஸ்கவுட்டுகளின் கருத்துகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, யார் தாராளமாக மதிப்பெண் போடுகிறார், யார் கஞ்சத்தனம் காட்டுகிறார் என்பதையும் பார்த்தார்கள். இன்று ஒவ்வோர் அணியிலும் தரவுப் பிரிவு இருக்கிறது, வீரர்களின் தோள் கவசத்தில் பொருத்தும் சில்லுகள் வேகத்தைத் துல்லியமாகச் சொல்கின்றன. அடிப்படை வேலை குரேஷி தொடங்கியதுதான்: பல கண்கள் கண்டதை ஒப்பிடக்கூடியதாக ஆக்குவது.

தேவையைப் பார்த்து எடுப்பதா, திறமையைப் பார்த்து எடுப்பதா?

முதல் இரண்டு சுற்றுகளில் திறமைக்கே என் வாக்கு. இன்றைய தேவை அடுத்த ஆண்டு தேவையாக இருக்காது. 2005-இல் கிரீன் பே பேக்கர்ஸிடம் பிரெட் ஃபாவ்ர் என்ற மகத்தான குவார்ட்டர்பேக் இருந்தார். அந்த அணிக்கு அன்று இன்னொரு குவார்ட்டர்பேக் தேவையே இல்லை. ஆனாலும் மற்றவர்கள் தாண்டிப் போன ஏரன் ராட்ஜர்ஸ் 24-ஆவது தேர்வில் மிச்சமிருந்தபோது எடுத்துக்கொண்டார்கள். அவர் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து கற்றார், பிறகு சூப்பர் பவுல் வென்று தந்தார்.

இதோடு இன்னொன்றும் சேர வேண்டும்: எடுக்கும் அணி அவரை வைத்து என்ன செய்யப்போகிறது? 2017-இல் சிகாகோ பேர்ஸ் ஒரு படி மேலே ஏறி, இரண்டாவது ஆளாக மிட்செல் டிரூபிஸ்கி என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 27-ஆவது இடத்திலிருந்து 10-ஆவது இடத்துக்கு ஏறிப் பாட்ரிக் மஹோம்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. மஹோம்ஸ் கல்லூரியில் கட்டுப்பாடில்லாமல் எறிபவர் என்று பெயர் வாங்கியவர். ஆண்டி ரீட் என்ற பயிற்சியாளர் அவரை அலெக்ஸ் ஸ்மித் என்ற அனுபவசாலியின் பின்னால் கிட்டத்தட்ட ஒரு பருவம் முழுக்க உட்காரவைத்தார். கடைசி ஆட்டத்தில் மட்டும் இறக்கினார். அடுத்த ஆண்டே மஹோம்ஸ் லீக்கின் மிகச் சிறந்த வீரர். அன்று சிகாகோவுக்குப் போயிருந்தால் இதே மஹோம்ஸ் கிடைத்திருப்பாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நெல்லை மட்டும் பார்த்தால் போதாது, நாற்றங்காலையும் பார்க்க வேண்டும்.

அணிகள் தேர்வுகளைக் கைமாற்றிக்கொள்வது ஏன்? அதற்குக் கணக்கு உண்டா?

உண்டு. 1990-களின் தொடக்கத்தில் டாலஸ் கவ்பாய்ஸ் ஒரு புள்ளி அட்டவணை தயாரித்தது. முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, 32-ஆவதுக்கு 590. அது மற்ற அணிகளுக்கும் பரவிப் பேரத்தின் பொதுவான அளவுகோலாயிற்று.

அதற்கு முன்பே, 1989 அக்டோபரில், அதே அணியின் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் தன் ஒரே நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டு, மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகள் உட்படப் பலவற்றை வாங்கிக்கொண்டார். எல்லோரும் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். அந்தப் பருவத்தில் டாலஸ் வென்றது ஒரே ஓர் ஆட்டம். அந்தத் தேர்வுகளை மேலும் கைமாற்றி எம்மிட் ஸ்மித் முதலியோரைச் சேர்த்தார்கள். 1992, 1993, 1995 பருவங்களில் சூப்பர் பவுல் டாலஸுக்கே.

நேரெதிர் உதாரணம் சான் பிரான்சிஸ்கோ. 2021-இல் மூன்றாவது இடத்துக்கு ஏறுவதற்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் இன்னொரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்து, டிரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. காயமும் அனுபவக் குறைவும் சேர்ந்து அவர் நிலைக்கவில்லை. 2023-இல் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டாலஸுக்கு அனுப்பப்பட்டார்.

பொருளியலாளர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் பல ஆண்டு டிராஃப்டுகளை ஆராய்ந்து சொன்னது இதுதான்: அணிகள் தங்கள் கணிப்பை அளவுக்கு மீறி நம்புகின்றன. ஒரே இடத்தில் ஆடும் இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறப்பாக ஆடியது பாதிக்குச் சற்றே கூடுதலான முறைதான். அப்படியிருக்க, ஒருவருக்காக மூன்று பேரின் வாய்ப்பைக் கொடுப்பது பெரும்பாலும் நட்டம். என் கட்சியும் அதுவே. நம் கணிப்பு பாதிதான் பலிக்கும் என்று தெரிந்தால், அதிகம் முறை கணிக்க வழி தேட வேண்டும்.

நேரம் தவறினால் என்ன ஆகும்?

ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு கெடு உண்டு. அது முடிந்தால் அடுத்த அணி முந்திக்கொள்ளலாம். 2003-இல் ஏழாவது தேர்வு மினசோட்டாவுடையது. கைமாற்றுப் பேச்சு இழுத்தடித்ததில் கெடு முடிந்துவிட்டது. அடுத்தடுத்து இரண்டு அணிகள் பாய்ந்து எடுத்துவிட்டன. ஒன்பதாவதாக மினசோட்டா எடுத்த கெவின் வில்லியம்ஸ் அந்த அணியின் மிகச் சிறந்த தற்காப்பு வீரர்களுள் ஒருவரானார்.

கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்படுபவர்களுக்கு வாய்ப்பு உண்டா?

குறைவு, ஆனால் உண்டு. பிரேடி 2000-இல் ஆறாம் சுற்றில் 199-ஆவது ஆள். அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள். அவரை நேரில் போய்ப் பார்த்து, எடுத்தே ஆக வேண்டும் என்று நியூ இங்கிலாந்தில் வாதாடியவர் டிக் ரீபைன் என்ற குவார்ட்டர்பேக் பயிற்சியாளர். பிரேடி முதல்முறையாக அணியைத் தலைமையேற்று நடத்துவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2001 ஆகஸ்டில், 45 வயதில் ரீபைன் இறந்துபோனார். பிரேடி வென்ற ஏழு சூப்பர் பவுல்களில் ஒன்றைக்கூட ரீபைன் பார்க்கவில்லை.

குவார்ட்டர்பேக் பிராக் பர்டி 2022-இல் 262-ஆவது ஆள், அந்த ஆண்டின் கடைசிப் பெயர். எடுத்தது லான்ஸுக்காக அவ்வளவையும் கொடுத்த அதே சான் பிரான்சிஸ்கோ. முன்னால் இருந்த இருவரும் காயப்பட்டதால் களத்துக்கு வந்த பர்டி, அடுத்த பருவத்தில் அணியைச் சூப்பர் பவுல்வரை கொண்டுபோனார்.

பெயரே வராதவர்கள் டிராஃப்ட் முடிந்த சில நிமிடங்களிலேயே எந்த அணியோடும் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். கர்ட் வார்னர் அப்படி வந்து, விலக்கப்பட்டு, மளிகைக் கடையில் அலமாரி அடுக்கி, 1999 பருவத்தில் லீக்கின் மிகச் சிறந்த வீரராகி சூப்பர் பவுலையும் வென்றார்.

ஒரு தேர்வு சரியா தவறா என்று எப்போது சொல்லலாம்?

மூன்று பருவம் பொறுங்கள். மறுநாள் காலையில் வெளியாகும் மதிப்பெண் பட்டியல்கள், எடுத்தவர்கள் அந்தக் கட்டுரையாளரின் வரிசையோடு ஒத்துப்போனார்களா என்பதை மட்டுமே சொல்கின்றன. 1998-இல் எந்தக் குவார்ட்டர்பேக்கை எடுப்பது, பேய்டன் மேனிங்கா, ரயன் லீஃபா என்று லீக்கே இரண்டுபட்டு நின்றது. இண்டியானாபொலிஸ் மேனிங்கை எடுத்தது, சான் டியாகோ லீஃபை எடுத்தது. மேனிங் ஐந்து முறை சிறந்த வீரர். லீஃப் 2002-க்குள் ஆட்டத்தையே விட்டுவிட்டார், போதைப் பழக்கத்தால் சிறைக்கும் போனார். அதிலிருந்து மீண்டு, இப்போது அதே துன்பத்தில் இருப்பவர்களுக்காகப் பேசிவருகிறார். இருவரையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தவர்கள் முட்டாள்கள் அல்லர்.

நான் முதல்முறையாக டிராஃப்டைப் பார்க்கப்போகிறேன். எப்படித் தயாராவது?

நூறு பேரைப் பற்றிப் படிக்காதீர்கள். ஓர் அணியைத் தேர்ந்தெடுங்கள். அந்த அணியில் யாருடைய ஒப்பந்தம் அடுத்த ஆண்டு முடிகிறது, யாருக்கு வயதாகிவிட்டது என்று பாருங்கள். அந்த இடங்களுக்குப் பொருந்தக்கூடிய மூன்று நான்கு கல்லூரி வீரர்களை எடுத்துக்கொண்டு ஆளுக்கு இரண்டு முழு ஆட்டமாவது பாருங்கள். சிறப்புக் காட்சித் தொகுப்புகள் வேண்டாம், அவற்றில் எல்லோரும் மாவீரர்கள். தோற்ற ஆட்டம் ஒன்றைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நினைப்பதை ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வைத்துவிடுங்கள். வியாழக்கிழமை இரவு முதல் சுற்று, வெள்ளிக்கிழமை இரண்டும் மூன்றும், சனிக்கிழமை மீதி நான்கும். சனிக்கிழமையைத் தவறவிடாதீர்கள். அன்று கேமராக்கள் குறைவு, ஆனால் ஸ்கவுட்டுகள் மாதக்கணக்கில் ஊர் ஊராக அலைந்து கண்டெடுத்த பெயர்கள் அன்றுதான் வாசிக்கப்படும்.